பொட்டில்லாத படம்

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் கைக்குழந்தைகளுக்கு முகம் இருக்காது. பவுடர்தான் இருக்கும். நெற்றியிலிருந்து கழுத்துவரை அப்பிய பவுடர். அதன்மேல் கன்னத்தில் ஒரு பொட்டு, நெற்றியில் ஒரு பொட்டு, உள்ளங்காலில் ஒன்று, எல்லாம் கறுப்பு மையில். டாக்டர் பார்க்கப்போகும் பிள்ளை அழகாக இருக்க வேண்டும் என்பது பெற்றவர்கள் காட்டும் மரியாதை. எனக்கோ அது தலைவலி. பிள்ளையின் நிறத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் பவுடரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மிஸ் ஏசுவாங்க என்று தெரிந்தும் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். நானும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே ஏசுவேன். பதினேழு வருடமாக இந்தச் சண்டை நடக்கிறது, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடிதங்களில் நான் குடும்பநல உத்தியோகத்தர். ஆட்களின் வாயில் மிட்வைஃப் மிஸ். மாத்தளையில் ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகும் வழியில் பிரியும் தோட்டங்கள் சிலவும், கீழே இரண்டு கிராமங்களும் என் பிரிவு. வயிற்றில் பிள்ளை தங்கியது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை அந்த வீட்டுப் படியை நான் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளில் கட்டாயம் போக வேண்டும். மழையா, அட்டையா, முழங்கால் வலியா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நானும் சொல்லிக்கொள்வதில்லை, கொஞ்சம் திமிர் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்பு, என் பிரிவின் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்குமாக வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். பல வீடுகளில் நல்ல போன் கணவனிடம்தான் இருக்கும். அதனால் குழுவில் பாதிப் பேர் ஆண்கள். எழுதி அனுப்பினால் யாரும் படிப்பதில்லை என்று கண்டுகொண்டு, பேசியே அனுப்பத் தொடங்கினேன். கால் வீங்கினால் என்ன செய்வது, வயிற்றில் துடிப்பு குறைந்தால் யாரிடம் சொல்வது, தலைவலியோடு கண்ணும் மங்கினால் எங்கே ஓடுவது, எல்லாம் இரண்டு நிமிடப் பேச்சு. ஒரு தடவை பால் கொடுக்கும்போது காம்பு வெடிப்பதைப் பற்றி நான் பேசியதை ஒரு கணவர் மாத்தளை பஸ்ஸில் வைத்துத் திறந்துவிட்டார். என் குரல் சாரதிவரை கேட்டதாம். மறுநாள் கிளினிக்கில் பெண்கள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பஸ்ஸில் வந்த ஆண்கள் ஒருநாளாவது உருப்படியாக ஒன்றைக் கேட்டார்களே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

குழு நன்றாகவே வேலை செய்தது. கண் மங்குகிறது என்று செய்தி அனுப்பிய ஒரு பெண்ணை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிந்தது, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சுகாதார அலுவலகத்தின் மாதாந்தக் கூட்டத்தில் எங்கள் டாக்டர் என்னை எழுந்து பேசச் சொன்னார். பேசினேன். கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். பிறகு படங்கள் வர ஆரம்பித்தன. தொப்புள் படம், தோல் தடிப்பின் படம், நான் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து பச்சையாகப் போன பிள்ளையின் துணிப் படம். பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. படத்தைப் பார்ப்பது எப்போது போய்ப் பார்ப்பதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது என்று எனக்கே தெரியாது. மேட்டில் ஏறாத நாட்களில் முழங்காலும் நன்றி சொன்னது.

நான் சொல்ல வந்த பெண், ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கிறாள். தேயிலைக் கொழுந்து எடுப்பவள். கணவர் தம்புள்ளையில், மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். பத்து நாளைக்கு ஒருதடவை வீட்டுக்கு வருவார். அவர்களுக்கு முதலில் பிறந்த ஆண்பிள்ளை பதினோராம் நாள் போய்விட்டது. அப்போது அவள் வேறு தோட்டத்தில், தாய்வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரித் துண்டில் காய்ச்சல் என்று எழுதியிருந்தது. அவள் அதை நம்பவில்லை.

"நெறைய பேரு வந்து பாத்தாங்க மிஸ். செவப்பா அழகா இருக்குன்னு சொன்னாங்க. நான் அன்னைக்குப் பொட்டு வைக்கல" என்று, அடுத்த பிள்ளை தங்கிய நான்காம் மாதத்தில் ஒருநாள் என்னிடம் சொன்னாள். அழவில்லை. செய்த குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னாள். அது கண்ணூறு இல்லை, கிருமி என்று நான் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டாள். அவள் மனதில் அது ஒட்டவில்லை என்று எனக்கும் தெரியும்.

அந்த ஒன்பது மாதமும் என் பிரிவில் அவளைப்போல ஒழுங்கானவள் இல்லை. கிளினிக் கதவு திறக்கும்போது அவள் வாசலில் நிற்பாள். கிளினிக்கில் கொடுக்கும் சத்து மாவை மற்ற வீடுகளில் எல்லோரும் பங்கு போடுவார்கள், இவள் ஒளித்து வைத்துத் தின்றாள். இந்தப் பிள்ளை தங்க வேண்டும், அவளுக்கு அதைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மாத்தளை ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், மறுபடியும் ஆண். பிறந்து மூன்றாம் நாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். கன்னம், நெற்றி, இரண்டு உள்ளங்கால், மொத்தம் நான்கு பொட்டு. வாயைத் திறந்தேன். நான் சொல்லும் முன்பே அவள் சொன்னாள்.

"வேற என்ன ஏசினாலும் கேட்டுக்கிறேன் மிஸ். பொட்ட மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. இவன் என் கண்ணுல படுற நேரமெல்லாம் அது இருக்கணும்."

விட்டுவிட்டேன். முகத்தில் இலேசாக மஞ்சள் காமாலை தெரிந்தது. மூன்றாம் நாளில் பல பிள்ளைகளுக்கு வருவதுதான். இரண்டு மணிக்கு ஒருதரம் எழுப்பிப் பால் கொடுக்கச் சொன்னேன். மஞ்சள் வயிற்றுக்கோ காலுக்கோ இறங்கினால் உடனே சொல்ல வேண்டும் என்றேன். ஆறாம் நாள் நானே வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

இடையில் இரண்டு நாள் விடாத மழை. தோட்டத்துக்கு ஏறும் பாதையில் இரண்டாவது வளைவில் மண்மேடு சரிந்து விழுந்தது. பஸ் நின்றுவிட்டது. அந்த மண்ணை ஏறிக் கடந்து முக்கால் மணி நேரம் நடந்தால் லயம் வரும். நடந்திருக்கலாம். அதற்குப் பதிலாக, லீவில் வீட்டுக்கு வந்திருந்த அவள் கணவரின் போனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "தம்பி, பாதை மோசமா இருக்கு. பிள்ளைய ஒரு படம் எடுத்து அனுப்புங்க. நிறத்தப் பாக்கணும்."

லயத்தில் சிக்னல் கிடையாது. பாதையில் சற்றுத் தள்ளி, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால் கிடைக்கும். ஆறாம் நாள் காலையில், நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது படம் வந்தது. கண்ணை மூடித் தூங்கும் பிள்ளை, ரோஜாப்பூ நிறத்தில். பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் சின்னம் இருக்கிறதே, அதை ஒன்று தட்டிவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, கீழ்க் கிராமத்துக் கிளினிக்குக்குப் போனேன்.

அன்று நல்ல கூட்டம். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை நிறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு குண்டுப் பயல் நிறுவைத் தொட்டிலில் இறங்க மாட்டேன் என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக் கத்தினான். எடுத்துப் பார்த்தால், அவன் கன்னத்துப் பொட்டு முழுவதும் என் வெள்ளைச் சீருடையின் தோளில். "இதத்தான் நான் சொல்றேன், கேக்குறீங்களா" என்று தாயை ஏசிக்கொண்டே ஈரத்துணியால் தேய்த்தேன். மை போகவில்லை, இன்னும் பரவியது. தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. காலையில் வந்த படத்தில் பொட்டு இருந்ததா?

போனை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னம் சுத்தம். நெற்றி சுத்தம். வேறு பிள்ளையின் படமோ என்று முதலில் தோன்றியது. இல்லை, தலையில் இருந்தது மூன்றாம் நாள் நான் கொடுத்த நீலத் தொப்பி. அந்தத் தாய் பொட்டில்லாமல் அந்தப் பிள்ளையைப் படம் எடுக்க விடவே மாட்டாள். சத்தியம் செய்து சொல்வேன். அப்படியானால் பொட்டு எங்கே போனது? பொட்டையே இல்லாமல் ஆக்கிய ஒன்று, வேறு எதை எல்லாம் இல்லாமல் ஆக்கியிருக்கும்?

கணவரை அழைத்தேன். எடுத்தார். லீவு முடிந்து தம்புள்ளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார், பஸ் பாதி வழியில், நாவுலையை இன்னும் தாண்டவில்லை.

"தம்பி, பிள்ளை கன்னத்துல பொட்டு எங்க?"

"பொட்டா மிஸ்? இருக்குங்களே."

"படத்துல இல்ல."

"ஓ, அதுங்களா. அது போன் அழிச்சிருச்சுங்க. மொதல்ல எடுத்த படம் மஞ்சளா விழுந்துச்சு. எங்க காம்பரா லைட்டு அப்பிடித்தான். மிஸ்ஸுக்கு அனுப்புற படமாச்சே, நல்லா இருக்கட்டும்னு, அழகாக்குற ஒன்னு இருக்கு பாருங்க, அதப் போட்டு எடுத்தேன். அதுல எடுத்தா மரு, தழும்பு எல்லாம் போயிரும்."

"மொதப் படம் இருக்கா?"

"அழிச்சிட்டேங்க." பஸ் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தினார். "ஏன் மிஸ்?"

"அடுத்த தரிப்புல எறங்கி மாத்தளைக்குத் திரும்புங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் புள்ளையக் கூட்டிக்கிட்டு வாறேன்."

அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவர் செய்தது என்ன? பிள்ளைக்குப் பவுடர் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். பதினேழு வருடமாகத் துணியால் துடைத்துத் துடைத்து ஏசிய நான், போனுக்குள்ளும் பவுடர் இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. எனக்கு அனுப்பும் படம் என்பதால்தான் அவர் அதை அழகாக்கியிருக்கிறார். அந்த மரியாதையை நினைக்க நினைக்க என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அவளைக் கூப்பிட வழியில்லை, வீட்டின் ஒரே போன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. கிளினிக்கை என்னோடு வேலை செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே ஓடினேன். ரத்தோட்டை டவுனில் த்ரீவீலர் ஓட்டும் ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் அவர் நானா, மருந்துப் பெட்டிகளை இறக்கிவிட்டு அங்கே நின்றார். நான் ஏறி உட்கார்ந்த விதத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும், எதுவும் கேட்காமல் கிளப்பினார். மண்மேட்டுக்கு முன்னால் வண்டி நின்றதும் அவரும் இறங்கினார்.

"பையத் தாங்க மிஸ். நீங்க கால மட்டும் பாத்து வைங்க. போய்ச் சேந்துருவோம், இன்ஷா அல்லாஹ்."

முக்கால் மணி நேரப் பாதையை எவ்வளவு நேரத்தில் ஏறினோம் என்று நான் பார்க்கவில்லை. முழங்கால் கெஞ்சியது. காலையிலேயே நிதானமாக ஏறியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று அதனிடம் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். "அழவே மாட்டேங்குறான் மிஸ். நல்ல புள்ள. காலையில இருந்து பால்கூட கேக்கல, தூங்குறான்" என்றாள். நல்ல பிள்ளை என்று அவள் சொன்ன ஒவ்வொரு காரணமும் எனக்குப் பயத்தைக் கூட்டியது. பிள்ளையை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். பொட்டு நான்கும் இருந்த இடத்தில் இருந்தன. சட்டையைக் கழற்றினேன். நெஞ்சில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன், மஞ்சள். வயிற்றில் அழுத்தினேன், மஞ்சள். தொடையில், முழங்காலுக்குக் கீழே, கடைசியாக உள்ளங்காலில் பொட்டுக்குப் பக்கத்தில். அங்கேயும் மஞ்சள்தான். இந்தக் கட்டைவிரலை நான் காலையில் இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும். போனில் அனுப்பிவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போனவள் ஒரு நிமிடத்தில் கட்டிய பையோடு வந்தாள். பிள்ளைத் துணி, கிளினிக் அட்டை, சுடுதண்ணீர்ப் போத்தல், எல்லாம் அதற்குள் இருந்தன.

"எப்ப கட்டினே இத?"

"காலையிலங்க. விடியவே இவன் கண்ணு மஞ்சளா இருக்கிற மாதிரி தெரிஞ்சுச்சு. கொண்டு போயிருவோம்னு கட்டிட்டேன். அவரு படத்த அனுப்பிட்டு வந்து, மிஸ் கட்டைவெரல் போட்டுட்டாங்க, ஒன்னும் பயமில்லன்னு சொன்னாரு. அதான் பைய நிம்மதியா வச்சிட்டேன்."

என்னைக் குறைசொல்லி அவள் இதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவள் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. தன் கண்ணை நம்பாமல் என் கண்ணை நம்பியிருக்கிறாள், பதினேழு வருடமாக நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். மன்னிப்புக் கேட்க அப்போது நேரம் இல்லை. பிள்ளையை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். நானா பையைச் சுமந்தார். பிள்ளை பெற்று ஆறே நாளான உடம்போடு அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மண்மேட்டில் இறங்கினாள்.

இறங்கி வரும் வழியில் தண்ணீர்த் தாங்கியைத் தாண்டும்போதே போனில் சிக்னல் கோடுகள் வந்திருந்தன. உடனே எங்கள் அலுவலக டாக்டரை அழைத்தேன். அவர் வார்டுக்குச் சொன்னார். வண்டியில் போகப் போக, வார்டிலிருந்து ஒரு தாதி என்னை அழைத்து எடை, பிறந்த நேரம், தாயின் இரத்த வகை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் போய் இறங்கியபோது மஞ்சளைக் குறைக்கும் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கட்டில் தயாராக இருந்தது. அதே போன்தான் இதையும் செய்தது. அதையும் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

கணவர் எங்களுக்கு முன்பே வந்து, வாசலில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நீல வெளிச்சத்தில், கண்ணைக் கட்டி, உடுப்பில்லாமல் பிள்ளையைப் படுக்கவைத்தார்கள். துடைத்தபோது பொட்டு நான்கும் போய்விட்டன. அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று அதையே பார்த்தாள். வார்டு டாக்டர் என்னிடம் வந்து, "இன்னும் ஒரு நாள் போயிருந்தா" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இந்தப் போன உடைச்சுப் போட்டுர்றேன் மிஸ்" என்றார் கணவர்.

"போன் என்னப்பா செஞ்சிச்சு. வந்து பாக்க வேண்டிய ஆள் நான்" என்றேன். அவளுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். அவள் திரும்பி என் கையைப் பிடித்தாள். அவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில், அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மஞ்சள் குறைந்தது. பிள்ளை பசித்து அழுத சத்தம் வார்டு முழுவதும் கேட்டது என்று தாதி போனில் சொன்னபோது, நான் பஸ் தரிப்பில் நின்று அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன். அடுத்த மாதாந்தக் கூட்டத்தில், யாரும் சொல்லாமலே எழுந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதல் தடவையைவிடக் குறைவாகவே பேசினேன். குழுவுக்கும் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். நிறத்துக்குப் படம் வேண்டாம், வெளிச்சத்தில் வைத்து நீங்களே பாருங்கள், சந்தேகம் வந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள் என்றேன். குழு இன்னும் நடக்கிறது. அந்தக் கட்டைவிரலை மட்டும் நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

அவர்கள் வீடு திரும்பிய மறுநாளே போனேன். பாதையைத் துப்புரவாக்கியிருந்தார்கள், பஸ்ஸும் ஓடியது. நான் போகும் நேரத்தை முன்பே சொல்லியிருந்தேன். வாசலில், நல்ல வெளிச்சத்தில், ஒரு பாயை விரித்து அவள் பிள்ளையைக் கிடத்தியிருந்தாள். சட்டை இல்லை, தொப்பி இல்லை, பவுடர் இல்லை. கன்னத்தில் இல்லை, நெற்றியில் இல்லை, உள்ளங்காலில் இல்லை. சற்று முன்புதான் கழுவித் துடைத்திருக்கிறாள், தோல் இன்னும் ஈரமாக இருந்தது.

"பாருங்க மிஸ். ஒன்னுமே போடல. நல்லா பாருங்க" என்றாள். சொல்லும்போது அவள் கண் என்மேல் இல்லை. யாராவது வருகிறார்களா என்று லயத்துப் பாதையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன.

குனிந்து உட்கார்ந்து, தலையிலிருந்து கால்வரை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். தகப்பனின் நிறம், நல்ல மாநிறம். அவசரப்படாமல் பார்த்தேன், ஆனால் அவளுக்காகக் கொஞ்சம் சீக்கிரமாகவும் முடித்தேன்.

"மை எங்க?" என்று கேட்டேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு உள்ளே ஓடி டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். மோதிர விரலால் தொட்டு, பிள்ளையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். என் வேலையில் இதுவரை நான் துடைத்த பொட்டுகளுக்குக் கணக்கில்லை, வைத்தது இதுதான் முதல்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வைங்க மிஸ்" என்றாள்.

பெரிதாக வைத்தேன்.